வளையம் வைத்த காசு

1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை வேறு ராஜ்யம். தென்காசியில் பஸ் ஏறி, வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர்தான். ஆனால் ராஜா காலத்தில் அங்கே செல்லுபடியான காசு வேறு. தென்காசிக் கடைத்தெருவில் பிரிட்டிஷ் ரூபாய், அணா, தம்பிடி. செங்கோட்டையில் திருவிதாங்கூர் சர்க்காரின் பணம், சக்கரம், காசு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக, ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயை நீட்டினால் 28 சக்கரமும் மேற்கொண்டு 8 காசும் கிடைக்கும். அரைச் சக்கரம் வித்தியாசம். ஆரியங்காவு கணவாய் வழியாக நெல்லும் துணியும் ஏற்றிப்போய், மிளகும் பாக்கும் ஏற்றி வந்த வண்டிக்காரர்களுக்கு இந்த அரைச் சக்கரக் கணக்கு மனப்பாடம். 1904-ல் கொல்லத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்த பிறகும் காசு என்னவோ இரண்டாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் யாராவது காசை நீட்டினால் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால் எந்தக் காசு என்று பார்ப்பார்கள். என் தாத்தா அந்தக் காலத்துப் பத்தர். அப்பாவும் பட்டறையில்தான் இருந்தார். நான் ஊதுகுழலை வைத்துவிட்டு ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளராகப் போனேன். ஜனங்கள் வாயில் ‘அப்ரைசர்’. அடகுக்கு வரும் நகைகளில் கோத்துக் கிடந்த காசுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. கையில் வாய்த்ததை வாங்கிச் சேர்த்தேன். பெரிய சேகரிப்பெல்லாம் இல்லை, ஒரு பீடிக்கட்டுப் பெட்டி கொள்ளும். அதில் பாதிக்கு மேல் பொன். அந்தப் பொன்னிலும் பாதி, சேகரிக்கிறவர்கள் பாஷையில் ‘டேமேஜ்’. அவர்களுடைய தர வரிசை எங்கள் பக்கத்துக் காசுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

தரம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சங்கப் புலவர்கள் பட்டியலில் வண்ணக்கன் என்ற பெயரோடு சிலர் இருக்கிறார்கள். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் ஒருவர், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் இன்னொருவர். வண்ணக்கன் என்றால் பொன்னையும் காசையும் சோதிக்கிறவர். பகலில் பொன்னை உரசிவிட்டு இரவில் பாட்டு எழுதியிருப்பார்கள் போல. பின்னால் வந்த காலத்தில் அதே வேலையை நோட்டக்காரர் செய்தார். அவர் கையில் இருந்தது உரைகல் ஒன்று, உரையாணிக் கொத்து ஒன்று. ஒவ்வோர் ஆணியின் நுனியிலும் மாற்றுத் தெரிந்த பொன் வைத்திருக்கும். காசைக் கல்லில் ஓர் இழுப்பு, பக்கத்தில் ஆணியை ஓர் இழுப்பு; இரண்டு கோடும் ஒரே நிறமாக வருகிற ஆணி எதுவோ, அதுதான் காசின் மாற்று. பத்தரை மாற்று என்று இன்றைக்கும் வாய் தவறாமல் சொல்கிறோமே, அது இந்தக் கணக்கின் உச்சி. தாத்தாவின் உரைகல் என்னிடம் இருக்கிறது. கறுப்பாக, உள்ளங்கை அகலத்தில், நடுவில் லேசாகக் குழிந்து. அதில் கோடு போட்டுவிட்டு அவர் வெயிலில் பார்க்க மாட்டார். திண்ணை நிழலில் வடக்கு வெளிச்சத்தில்தான் பார்ப்பார். வெயில் எல்லாப் பொன்னையும் நல்ல பொன்னாகக் காட்டிவிடும் என்பார்.

இந்த முறையில் காசின் முகத்துக்கு மதிப்பே இல்லை. யார் தலை, எந்த வருஷம், அச்சு எவ்வளவு கூர்மை என்றெல்லாம் நோட்டக்காரர் கேட்க மாட்டார். எடை, மாற்று, அவ்வளவுதான். அதற்குச் சாட்சி ரோமானியர் காலத்திலேயே கிடைக்கிறது. நம் தென்காசி மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூரில் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்திருக்கின்றன. பெரிய புதையல் என்றால் 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் கிடைத்தது, 501 பொற்காசு. ஆரம்பகால ரோமப் பொற்காசு ஒவ்வொன்றும் நம் பவுன் எடைக்குக் கிட்டத்தட்ட வரும். அந்தப் புதையலில் மிகப் பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்த வெட்டு என்றார்கள் சிலர். இது இனிமேல் காசாகப் புழங்காது, வெறும் பொன்தான் என்று அடையாளம் வைத்த வெட்டு என்றார்கள் வேறு சிலர். பொன் வேலைக்காரன் வீட்டில் பிறந்தவன் என்பதால் எனக்கு இரண்டாவது கட்சிதான் நியாயமாகப் படுகிறது. செம்பு இருக்கிறதா என்று பார்க்க விளிம்பில் ஒரு கீறல் போதும். முகத்தின் நடுவில் வெட்ட வேண்டியதில்லை.

வெனிஸ் நாட்டு டுகாட்டின் கதையும் அப்படித்தான். 1284-ல் தொடங்கி 1797-ல் அந்தக் குடியரசு விழுகிறவரைக்கும் ஏறக்குறைய ஒரே எடை, ஒரே மாற்று, ஒரே முகம். மூன்றரை கிராம், சொக்கத் தங்கம் என்றே சொல்லலாம். மிளகுக்கு விலையாக மேற்குக் கரையில் இறங்கி, மலை தாண்டி நம் பக்கம் வந்தது. ஒரு பக்கத்தில் வெனிஸின் தலைவர் முழங்காலிட்டு ஒரு கொடிக்கம்பைப் பிடித்திருப்பார்; எதிரே புனிதர் மாற்கு. நம் ஊர்க் கண்ணுக்கு அது பனையேறுகிற ஆள் மாதிரித் தெரிந்தது. அதனால் பனையேறும் சாதியின் பெயரையே அந்தக் காசுக்கு வைத்துவிட்டார்கள். என் குறிப்பேட்டில் நான் பனையேறிக் காசு என்று எழுதுகிறேன். தேவை மிஞ்சிப் போனபோது நம் பத்தர்களே அச்சு வெட்டி நகல் அடித்தார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. லத்தீன் எழுத்து தெரியாத கை வெட்டிய அச்சு. எழுத்துகள் குச்சியும் புள்ளியுமாக நிற்கின்றன, புனிதருக்குத் தாடி ஒரு பக்கம்தான். ஆனால் உரைத்துப் பார்த்தால் மாற்றில் குறையில்லை. வெனிஸ் காசு என்று விற்றால் போலி. பொன் என்று விற்றால் அசல். அடித்தவன் இரண்டாவதாகத்தான் நினைத்திருப்பான்.

அடுத்தது பணம். ரூபாயைப் பணம் என்கிறோமே அந்தப் பணம் வேறு, இது காசின் பெயர். வீரராயன் பணம், அனந்தராயன் பணம் என்று மேற்குக் கரையில் புழங்கிய குட்டிப் பொற்காசுகள். குறுக்களவு 7, 8 மில்லிமீட்டர்; எடை ஏறக்குறைய மூன்று குன்றிமணி. கையில் வைத்து மூச்சு விட்டால் பறந்துவிடும். பார்த்தால் ஒரு வளைந்த கோடு, சில புள்ளிகள். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று ஆய்வாளர்களே சண்டை போடுகிறார்கள். வெளிறிய மஞ்சள் நிறம். பொன்னில் வெள்ளியும் செம்பும் தாராளமாகக் கலந்திருக்கும்.

இதை எப்படி எண்ணினார்கள் என்று கேட்பீர்கள். அதற்குப் பலகை உண்டு. பிடியுள்ள ஒரு மரப்பலகை, அதில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். ஒரு குழிக்கு ஒரு காசு. கைநிறைய அள்ளிப் பலகையில் போட்டு லேசாக ஆட்டினால் காசுகள் குழிகளில் உட்காரும். பலகையைச் சாய்த்தால் மிச்சம் சரிந்துவிடும். நூறு குழி நிறைந்தால் நூறு பணம். விரல் படாமல் எண்ணி முடித்துவிடலாம். திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரத்துக்கும் இதே மாதிரிப் பலகைதான். அப்படி ஒன்று எனக்குக் கிடைத்தபோது ஒரு சங்கதி புரிந்தது. எண்ணுவதோடு தரமும் பார்த்துவிடுகிறது இந்தப் பலகை. குழியின் ஆழம் காசின் கனத்துக்குச் சரியாக இருக்கிறது. விளிம்பு வெட்டிய காசு குழிக்குள் ஆடும். வளைந்த காசு தலைதூக்கி நிற்கும். பழகிய கண் ஒரே பார்வையில் அவற்றைப் பொறுக்கி ஒதுக்கிவிடும். ஒதுக்கிய காசுக்கு வட்டம் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள்.

கிழக்குப் பக்கம் கும்பினியாரின் வராகன் புழங்கியது. ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் நுணுக்கமான புள்ளிகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரம். நட்சத்திர வராகன் என்றும் புள்ளி வராகன் என்றும் பெயர். 42 பணம் ஒரு வராகன், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-ல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். வராகன் அதோடு கணக்குப் புத்தகத்திலிருந்து இறங்கி, நாட்டு மருந்துக்கடைத் தராசில் வராகனெடையாக மிஞ்சியது.

பிறகுதான் பவுன். 1817-ல் இங்கிலாந்து புதிதாக அடித்த சாவரின். பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர் வெட்டிய குதிரைவீரன் ஒரு பக்கம், ராஜாவோ ராணியோ மறுபக்கம். 22 காரட், 7.988 கிராம். நம் நகைக்கடைப் பவுன் 8 கிராம் ஆனது இந்தக் காசால்தான். 12 மில்லிகிராமை முழுதாக்கிவிட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்திய சர்க்கார் ஒரு சாவரினுக்கு 15 ரூபாய் என்று நிலைநிறுத்தியது. நெல் விற்ற காசு, கொழும்புக்குப் போனவன் அனுப்பிய காசு எல்லாம் பவுனாக மாறி வீட்டுக்குள் வந்த காலம் அது. முதல் உலகப்போரின் கடைசி வருஷமான 1918-ல் பம்பாயிலேயே சாவரின் அடித்தார்கள். அந்த ஒரு வருஷம் மட்டும்தான், சுமார் 13 லட்சம் காசு. லண்டன் காசுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், குதிரையின் காலடியில் தரைக்கோட்டின் நடுவே பொடியாக ஓர் ‘ஐ’ எழுத்து. அதே வருஷம் அங்கேயே 15 ரூபாய் மொஹரும் அடித்தார்கள். எடையும் மாற்றும் சாவரினேதான். திருவிதாங்கூர் ராஜாவும் சும்மா இருக்கவில்லை. விசாகம் திருநாள் காலத்தில் 1881 என்று ஆண்டிட்ட சாவரினும் அரைச் சாவரினும் வந்தன. இவை இன்று ஏலத்துக்கு வந்தால் பத்திரிகைச் செய்தி. என் பெட்டிக்குள் அப்படி ஒன்று இல்லை, வரவும் வராது.

1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் நாணய முறையைக் கைகழுவியதும் தங்கத்தின் ரூபாய் விலை ஏறிற்று. விளைபொருள் விலை விழுந்து, கிஸ்தி கட்ட வழியில்லாமல் இருந்த குடியானவர்கள் வீட்டுத் தங்கத்தை விற்றார்கள். அது பம்பாய் போய்க் கப்பலேறியது. அந்த வெள்ளத்தில் போகாமல் தங்கிய பவுன்கள் எவை என்று பார்த்தால், பெரும்பாலும் பெண்களின் கழுத்தில் கோத்திருந்தவை. சுருக்குப்பையில் கிடந்த காசைக் குடும்பத்தலைவன் எடுத்துப் போய்விடலாம். கழுத்தில் கிடந்த காசைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சேகரிக்கிறவர்களோடு எனக்குத் தகராறு இங்கேதான். கோக்க வேண்டும் என்றால் வளையம் வைக்க வேண்டும். பத்தர் காசின் உச்சியில் பற்றவைக்கிற பொடி வைத்து, குழலால் ஊதி வளையத்தை ஒட்டுவார். ராஜாவின் தலைக்கு மேலே சூடு பட்ட இடத்தில் எழுத்து கொஞ்சம் உருகும். பிறகு வருஷாவருஷம் பூந்திக்கொட்டை போட்டு விளக்குவார்கள். பக்கத்துக் காசோடு உரசி உரசி மேடான இடங்கள் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் முதலில் புருவமும் தாடியும். விக்டோரியா என்றால் காதுக்கு மேல் கூந்தல். குதிரைப் பக்கத்தில் வீரனின் தொடையும் குதிரையின் தோளும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எது எத்தனை வருஷம் கழுத்தில் கிடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

உலகம் முழுக்க இன்று காசுக்குத் தரம் போடுவது 1 முதல் 70 வரை எண் வைத்து. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்த கணக்கு. அதுவும் பொன்னுக்காக இல்லை, அமெரிக்காவின் பழைய பெரிய செம்புக் காசுக்காக. அடிமட்டக் காசு ஒரு டாலர் என்றால் குறையே இல்லாத காசு 70 டாலர் என்ற அன்றைய சந்தை விகிதம்தான் அந்த எண். விலை விகிதம் எப்போதோ மாறிவிட்டது. எண் மட்டும் வேதமாக நின்றுவிட்டது. பட்டுத் துணி விரித்த இழுப்பறையில் தூங்கிய காசுக்கு அந்தக் கணக்கு சரி. வளையம் வைத்துக் கழற்றிய காசை அனுப்பினால், எண்ணே கொடுக்காமல் ‘கோத்த தடம் உள்ளது’ என்று எழுதித் திருப்புவார்கள். இப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் பிழைத்திருக்கும் பவுனில் பெரும்பகுதி தரமே இல்லாத காசு.

தேய்மானத்தைப் பற்றி அந்தக் காலத்துச் சட்டம் இதைவிட நிதானமாகப் பேசியது. 1870-ம் ஆண்டின் பிரிட்டிஷ் நாணயச் சட்டப்படி சாவரின் 7.94 கிராம்வரை தேய்ந்தாலும் முழுக் காசுதான். அதற்குக் கீழே போனால்தான் செல்லாது. ஐம்பது மில்லிகிராம் சலுகை. வளையத்தைக் கழற்றி, பொடியையும் அரத்தால் ராவி எடுத்தபின் நான் எடைபோட்ட காசுகளில் பல இந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றிருக்கின்றன.

போலியைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. நகைக்கடைகளில் மாற்றுப் பார்க்கிற எக்ஸ்ஆர்எஃப் மெஷின் வந்துவிட்டது. ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். நான் இன்னும் தண்ணீரை நம்புகிறவன். தராசின்மேல் ஒரு சின்ன மேடை, அதில் தண்ணீர் டம்ளர், நூலில் கட்டித் தொங்கவிட்ட காசு. வெளியே 7.98 காட்டுகிற காசு தண்ணீருக்குள் 7.53 காட்ட வேண்டும். குறைந்த 0.45-ஆல் 7.98-ஐ வகுத்தால் 17.7, அதுதான் 22 காரட்டின் அடர்த்தி. தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டன் வைத்து ஏமாற்றுகிறார்களே, டங்ஸ்டனின் அடர்த்தி சுத்தத் தங்கத்தோடு ஒத்துப்போவதால் கட்டியில் செல்லுகிற தந்திரம் அது. 22 காரட் காசில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தச் சோதனைக்கும் பிடிபடாத போலியும் உண்டு. 1950 வாக்கில் மிலான் நகரத்தில் ஹோசே பெராஹா என்பவர் முழு எடை, முழு மாற்றில் சாவரின் அடித்து விற்றார். சந்தையில் சாவரினுக்கு அதிலுள்ள தங்கத்தைவிட ஏகப்பட்ட விலை கூடுதலாக இருந்தது. அந்த இடைவெளிதான் அவருக்கு லாபம். சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்ட அவரை இத்தாலி கேட்டபோது, அந்நாட்டு நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்துவிட்டது. சாவரின் இப்போது புழங்குகிற பணமே கிடையாது, இல்லாத பணத்தை எப்படிக் கள்ளமாக அடிக்க முடியும் என்பது அதன் வாதம். நம் பனையேறிக் காசை நகல் அடித்த பத்தர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். பிரிட்டன் 1957-ல் சாவரினை மறுபடி அடிக்கத் தொடங்கியதற்கு இந்தப் போலிகளும் ஒரு காரணம்.

நம் சட்டத்திலும் விநோதங்கள் இருக்கின்றன. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சாரல் சமயத்தில் குற்றாலத்துக்கு வந்து, பாட்டியின் பவுனை வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் திரும்புகிற பேத்திக்கு இதெல்லாம் தெரியாது. மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது என்றால் 1878-ன் புதையல் சட்டம். பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வரம்பு அப்படியே எழுத்தில் இருக்கிறது.

வங்கி விதி அதைவிடத் தமாஷ். நகைக்குக் கடன் கொடுக்கலாம். காசு என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகளே விற்ற காசுக்குத்தான், அதுவும் ஆளுக்கு 50 கிராம்வரைதான் என்று நாங்கள் வேலை பார்த்த காலத்தில் இருந்தது. பழைய ராஜா தலைப் பவுனைத் தனியாகக் கொண்டுவந்தால் கையை விரிப்போம். அதே பவுனில் வளையம் இருந்து கயிற்றில் கோத்திருந்தால் அது நகை, கடன் உண்டு.

ஒருமுறை ஓர் ஆச்சி காசுமாலை கொண்டுவந்திருந்தார். லட்சுமிக் காசு இல்லை, எல்லாம் அசல் ராஜா தலை. லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தபோது ஒன்றில் குதிரையின் காலடியில் அந்தப் பொடி எழுத்து தெரிந்தது.

“ஆச்சி, இது ஒண்ணு மட்டும் பம்பாய்ல அடிச்சது. வளையம் வைக்காம இருந்திருந்தா தங்க வெலைக்கு மேல குடுத்து வாங்க ஆளு உண்டு.”

“வளையம் வைக்காம இருந்தா எங்க மாமனாரு அத எப்பமோ மாத்தித் தின்னுருப்பாரு ஐயா. நீரு எடையைப் போடும்.”

போட்டேன். படிவத்தில் காசுமாலை ஒன்று, 22 காரட், மொத்த எடை, அதில் கயிற்றுக்கும் பொடிக்கும் கழிவு, நிகர எடை என்று நிரப்பினேன். ஆண்டு எழுத அதில் கட்டம் கிடையாது. 1918, பம்பாய், வளையம் உண்டு என்று வீட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த அறுப்புக்கே ஆச்சி மாலையை மீட்டுக்கொண்டு போய்விட்டார்.